டி.வி. கதாபாத்திரத்தின் டைரி: எங்கள் நூலகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வாடகை நூலகத்தில் ஆங்கிலத்துக்கு ஒன்றரை அலமாரிதான். அதில் ஒரு தட்டு மட்டும் என் சொந்தக் கிறுக்கு: டி.வி. தொடரில் வரும் ஒருவர் தன் கைப்பட எழுதிவைத்தது போல வெளிவந்த டைரிப் புத்தகங்கள். பழைய புத்தகக் கடைகளில் ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்த்தது. எடுத்துப் போகிறவர்கள் திருப்பிக் கொடுக்கும்போது ஒரே மாதிரியான சந்தேகங்களோடு வருகிறார்கள். பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டதால், கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதிலையும் போட்டு வைத்திருக்கிறேன்.

பாதிக்கு மேல் லாரா பாமரின் டைரி பற்றித்தான். அதிகம் வெளியே போவதும் அதுதான். ஒன்று மட்டும் உறுதி: லாராவைக் கொன்றது யார் என்று இந்தப் பக்கத்தில் எங்கும் இருக்காது. தைரியமாகப் படிக்கலாம்.

சார், இது நிஜமாவே ஒரு பொண்ணு எழுதின டைரியா? அட்டையில அப்படித்தானே போட்டிருக்கு?

இல்லை. லாரா பாமர் என்று யாரும் கிடையாது. 'ட்வின் பீக்ஸ்' என்ற அமெரிக்கத் தொடரில் வரும் பெண் அவள். டேவிட் லிஞ்சும் மார்க் ஃப்ராஸ்டும் உருவாக்கிய அந்தத் தொடர் 1990 ஏப்ரல் 8 அன்று ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கியது. புத்தகம் அதே ஆண்டு செப்டம்பரில் வந்தது.

அட்டையை இன்னொரு தரம் பாருங்கள். 'ஜெனிஃபர் லிஞ்ச் எழுதியது' என்று இருக்காது. 'ஜெனிஃபர் லிஞ்ச் கண்டபடி' என்ற பொருளில்தான் போட்டிருப்பார்கள். டைரியை எழுதியவள் லாரா, அதைப் பார்த்து நமக்குக் கொடுத்தவர் ஜெனிஃபர் என்று பாவனை. ஆட்டம் அட்டையிலேயே ஆரம்பித்துவிடுகிறது.

நான் அந்த சீரியலே பார்த்ததில்ல. லாரா யாரு, அவ டைரிக்கு என்ன அவ்வளவு மவுசு?

வடமேற்கு அமெரிக்காவில், கனடா எல்லைக்குப் பக்கத்தில், மரம் அறுக்கும் ஆலையை நம்பி வாழும் ஒரு கற்பனை ஊர் ட்வின் பீக்ஸ். முதல் அத்தியாயம் தொடங்கிச் சில நிமிடங்களிலேயே பிளாஸ்டிக் தாளில் சுற்றிய ஒரு சடலம் கரை ஒதுங்குகிறது. அதுதான் லாரா. பள்ளியின் அழகுராணி, வீடு வீடாகப் போய் முடியாதவர்களுக்குச் சாப்பாடு கொடுப்பவள், ஊரே தலையில் வைத்துக் கொண்டாடிய பெண். விசாரிக்க விசாரிக்க அவளுக்கு இன்னொரு வாழ்க்கை இருந்தது வெளியே வருகிறது.

அதாவது கதை முழுக்க அவளைச் சுற்றித்தான், ஆனால் அவள் பேச வழியில்லை. மற்றவர்கள் அவளைப் பற்றிப் பேசுகிறார்கள், அழுகிறார்கள், பொய் சொல்கிறார்கள். வாயடைத்துப் போன ஒருத்தியின் டைரி கிடைத்தால் படிக்கக் கை பரபரக்காதா? 'யார் கொன்றது?' என்று அமெரிக்காவே கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், முதல் பருவம் முடிந்து இரண்டாவது தொடங்குவதற்குச் சரியாகப் பதினைந்து நாள் முன்பு புத்தகத்தைக் கடைக்கு அனுப்பினார்கள். நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் ஏறியதில் ஆச்சரியம் இல்லை.

டைரக்டர் பொண்ணுதானே எழுதினது? அப்பா சிபாரிசுல கிடைச்ச வேலைன்னு சொல்லுங்க.

டேவிட் லிஞ்சின் மகள்தான். அப்போது வயது 22. சிபாரிசு இல்லவே இல்லை என்று நான் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அவர் சொல்லும் பின்கதை எனக்குப் பிடிக்கும். பன்னிரண்டு வயதில் அப்பாவிடம், 'இன்னொரு பெண்ணின் டைரி கையில் கிடைத்தால் நன்றாயிருக்கும். நான் பயப்படுவதற்கெல்லாம் அவளும் பயப்படுகிறாளா என்று பார்ப்பேன்' என்று சொன்னாராம். பத்து வருடம் கழித்து அப்பா அதை நினைவு வைத்திருந்து, லாராவின் டைரியை எழுதுகிறாயா என்று கேட்டிருக்கிறார். புத்தகத்தின் முதல் பக்கத்தில் லாராவுக்கும் அன்றுதான் பன்னிரண்டு வயது நிறைகிறது.

கொலையாளி யார் என்பதை எழுதும் முன்பே அவருக்குச் சொல்லிவிட்டார்கள். அப்போது அது தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். நம்மூர்க்காரர்களுக்கு இன்னொரு செய்தி: இதே ஜெனிஃபர்தான் பின்னாளில் இந்தியாவுக்கு வந்து மல்லிகா ஷெராவத்தைப் பாம்புப் பெண்ணாக்கி 2010-இல் 'ஹிஸ்' என்ற படத்தை எடுத்தார். அந்தப் படத்துக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். டைரிக்கு வாங்குவேன்.

தம்பி, பக்கம் கிழிஞ்ச புத்தகத்தைக் குடுத்துட்டியேப்பா! கடைசில முக்கியமான இடமெல்லாம் காணோம்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வாடகையைத் திருப்பிக் கேட்டார். ஐயா, புத்தகத்தில் ஒரு தாளும் குறையவில்லை. கடைசிப் பகுதியில் சில இடங்களில் 'பக்கங்கள் கிழிக்கப்பட்டுள்ளன' என்று அச்சிலேயே போட்டிருப்பார்கள். டைரி கண்டெடுக்கப்பட்டபோது இருந்த நிலை அது என்று கணக்கு.

முதலில் பார்த்தால் இது வியாபாரக் கட்டாயம். கொலையாளி யார் என்று தொடரில் வெளிப்பட்டது 1990 நவம்பர் 10 அன்று. செப்டம்பரில் வந்த புத்தகம் அதை உடைத்துவிட்டால் அப்புறம் யார் டி.வி. முன்னால் உட்காருவார்கள்? ஆகவே பெயர் வரக்கூடிய இடத்தையெல்லாம் கிழித்தாக வேண்டும்.

ஆனால் படித்து முடித்து யோசித்தால் வேறொன்று தட்டுப்படும். லாராவைப் பல வருடமாக இரவுகளில் வந்து சித்திரவதை செய்கிறவனை அவள் 'பாப்' என்று மட்டும்தான் எழுதுகிறாள். அந்தப் பெயருக்குப் பின்னால் யார் என்று பார்க்க அவளால் முடியவில்லை. பார்த்தால் தாங்க மாட்டாள். பதிப்பாளர் வெளியே சொல்லக் கூடாத ரகசியமும் அந்தப் பெண்ணால் சொல்ல முடியாத உண்மையும் ஒரே பெயர். கிழிந்த பக்கம் இரண்டுக்கும் பொருந்துகிறது. தொடரை ஒட்டி அவசரத்தில் தயாரிக்கப்படும் புத்தகங்களில் இப்படி ஒரு பொருத்தம் அமைவது அபூர்வம். அதனால்தான் சும்மா விளம்பரச் சரக்கு என்று இதை ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை.

அப்ப முதல்ல புத்தகமா, சீரியலா?

முதல் பருவம் எட்டு அத்தியாயம். அதைப் பார்த்துவிட்டு டைரி, பிறகு இரண்டாம் பருவத்தின் இருபத்திரண்டு. 1990-இல் ரசிகர்களுக்குக் கிடைத்த வரிசை இதுதான். அதற்குப் பிறகு 1992-இல் வந்த படம்; லாராவின் கடைசி நாட்கள் அதில் வரும். படத்தை முதலில் பார்த்துவிட்டால் மேலே சொன்ன கிழிந்த பக்கத்துக்கெல்லாம் வேலையே இல்லாமல் போய்விடும்.

என் பொண்ணுக்குப் பதினாலு வயசு. பொண்ணோட டைரிதானே, அவளுக்கு எடுத்துட்டுப் போகட்டுமா?

வேண்டாம் அக்கா. தொடக்கம் ஏமாற்றும். பிறந்தநாள் பரிசாக டைரி, ட்ராய் என்று ஒரு மட்டக்குதிரை, ஜூபிடர் என்று ஒரு பூனை, பள்ளித் தோழி என்று குழந்தைப் புத்தகம் போலவே நடை இருக்கும். முப்பது பக்கத்துக்குள் இருட்டத் தொடங்கிவிடும். சிறுமி மீதான பாலியல் கொடுமை, போதைப் பழக்கம், தன்னையே வெறுத்துக்கொள்வது என்று கடைசிவரை அதே இருட்டுதான். வயது வந்தவர்கள் படித்துவிட்டே இரண்டு நாள் பேசாமல் இருக்கிறார்கள்.

நீங்கள் படியுங்கள். பெண் வளர்ந்த பிறகு கொடுக்கலாமா என்பதை அப்புறம் நீங்களே முடிவு செய்வீர்கள். இந்தப் புத்தகத்தைப் பதினெட்டு வயதுக்குக் கீழே யாருக்கும் நான் கொடுப்பதில்லை. அட்டையில் ஒட்டியிருக்கும் சிவப்புக் காகிதம் அதற்குத்தான்.

'யெஸ் மினிஸ்டர்' புத்தகமும் டைரின்னுதான் போட்டிருக்கு. அதுவும் இதே ரகமா?

ரகம் ஒன்றுதான், வேலைப்பாடு நேர்மாறு. லாராவின் டைரி தொடரில் காட்டாததைச் சொல்கிறது. 'யெஸ் மினிஸ்டர்' டைரி, பிபிசி-யில் 1980 முதல் ஒளிபரப்பான அந்த அரசியல் நகைச்சுவைத் தொடரின் அத்தியாயங்களையே எடுத்து, அமைச்சர் ஜிம் ஹேக்கர் டேப்பில் பேசிப் பதிவு செய்தது போல மாற்றி எழுதியது. ஜொனாதன் லின், ஆன்டனி ஜே என்ற அதே இருவர்தான் தொடருக்கும் எழுதினார்கள். புத்தகத்தில் மட்டும் தங்களைப் 'பதிப்பாசிரியர்கள்' என்று போட்டுக்கொண்டார்கள்.

இதற்கு ஓர் அசல் உண்டு. ரிச்சர்ட் கிராஸ்மன் என்ற நிஜ பிரிட்டிஷ் அமைச்சர் தன் நாட்குறிப்பை இப்படித்தான் டேப்பில் பேசி வைத்தார். அவர் இறந்த பிறகு அது வெளிவருவதை அரசாங்கம் தடுக்கப் பார்த்து, 1975-இல் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. மூன்று தொகுதிகளாக வந்தது. ஹேக்கரின் டைரியும் முதலில் மூன்று தொகுதிதான், தலைப்பும் ஏறக்குறைய அதேதான். கிராஸ்மனைப் படித்தவர்களுக்கு அட்டையைப் பார்த்ததுமே சிரிப்பு வந்திருக்கும்.

இதன் வாரிசு நம் நாட்டிலும் உண்டு. 2001-இல் ஸ்டார் பிளஸில் ஃபாரூக் ஷேக் அமைச்சராக நடித்த 'ஜி மந்த்ரிஜி', 'யெஸ் மினிஸ்டர்' தொடரின் அதிகாரபூர்வ இந்தி வடிவம்.

டைரின்னா ஒரே ஆள்தானே பேச முடியும்? அமைச்சர் இல்லாத ரூம்ல அதிகாரிங்க பேசினது அவர் டைரிக்குள்ள எப்படி வந்துச்சு?

கெட்டிக்காரக் கேள்வி. கேட்டது பொறியியல் படிக்கும் பையன். மேலே சொன்ன 'பதிப்பாசிரியர்' வேஷம் இதற்குத்தான் உதவுகிறது. ஹேக்கருக்குத் தெரியாத இடம் வந்தால் நடுவில் புகுந்து, 'இது குறித்து சர் ஹம்ஃப்ரியின் (அமைச்சகத்தின் தலைமை அதிகாரி) சொந்தக் காகிதங்களில் கிடைத்தது' என்று ஒரு கடிதத்தையோ அலுவலகக் குறிப்பையோ சொருகிவிடுவார்கள். அல்லது, அமைச்சரின் செயலராக இருந்து பின்னாளில் உயர் பதவிக்குப் போன பெர்னார்ட் உல்லியை நேரில் கண்டு கேட்டதாக ஒரு பத்தி வரும். முன்னுரைக்குக் கீழே 'ஹேக்கர் கல்லூரி, ஆக்ஸ்ஃபோர்ட், 2019' என்று இடமும் ஆண்டும் போட்டிருக்கும். எண்பதுகளில் அச்சான புத்தகம்! ரகசியக் கோப்புகள் திறக்கப்படும் எதிர்காலத்தில் உட்கார்ந்து தொகுப்பதாகப் பாவனை.

இதனால் ஒரு தனி ருசி. தொடரில் ஹம்ஃப்ரி அமைச்சரை ஏமாற்றுவதை நாம் நேரில் பார்த்துச் சிரிக்கிறோம். புத்தகத்தில், தான் வென்றுவிட்டதாக ஹேக்கர் பெருமையாக எழுதியதைப் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினால், உண்மையில் நடந்தது அதிகாரியின் குறிப்பில் இருக்கும். எழுதுகிறவருக்குப் புரியாதது படிக்கிறவருக்குப் புரிய வேண்டும். லாராவிடம் அது கிழிந்த பக்கம், ஹேக்கரிடம் அடுத்தவர் கடிதம். இந்த வழி தெரியாத டைரிகள்தான் தட்டில் தூசி படிந்து கிடக்கின்றன. அதில் வரும் ஆள் எல்லாவற்றையும் தெளிவாகப் பார்த்து, தெளிவாகவே எழுதிவிடுவார். அப்புறம் நமக்கு என்ன வேலை?

ஏஜென்ட் கூப்பர் புத்தகம்?

அது டைரி இல்லை, டேப். லாரா வழக்கை விசாரிக்க வரும் எஃப்.பி.ஐ. அதிகாரி கூப்பர் கையடக்க ரெக்கார்டரில் தன் செயலாளரை 'டயேன்' என்று விளித்துப் பேசுவார் அல்லவா, அந்தப் பழக்கத்தைச் சிறுவயதுவரை பின்னோக்கிக் கொண்டுபோன புத்தகம். 1991-இல் வந்தது. எழுதியவர் மார்க் ஃப்ராஸ்டின் சகோதரர் ஸ்காட் ஃப்ராஸ்ட். அட்டையில் 'கேட்டபடி' என்று இருக்கும். ஜெனிஃபர் கண்டார், இவர் கேட்டார். வேடிக்கையான புத்தகம்தான். லாராவுடையதைப் போல உலுக்காது.

அண்ணே, தேதி இடிக்குதே? அவ செத்தது பிப்ரவரி. டைரி அதுக்கப்புறமும் போகுது!

கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறீர்கள். தொடர்படி அவள் இறந்தது 1989 பிப்ரவரி. டைரியோ 1984 ஜூலை 22-இல் தொடங்கி 1989-இன் கடைசி மாதங்கள் வரை ஓடுகிறது. பிசகுதான். பன்னிரண்டு வயதிலிருந்து பதினேழு வரை எழுத வேண்டும் என்று 1984-ஐத் தொடக்கமாக வைத்ததில் முடிவு அந்தப் பக்கம் தள்ளிப் போயிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

இதற்கு ஆழமான காரணம் கண்டுபிடித்து வாதாடும் ரசிகர்கள் உண்டு. நான் அவர்களோடு சேரவில்லை. அவசரமாகச் செய்த வேலையில் நடந்த பிழை, அவ்வளவே. ஆண்டை ஒதுக்கிவிட்டு அவள் வயதை மட்டும் பிடித்துக்கொண்டு படியுங்கள், இடிக்காது.

சீரியல்ல டோனா ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்றா. அதே ராத்திரி டைரியிலும் இருக்கு, ஆனா வேற மாதிரி. எது நிஜம்?

இரண்டாம் பருவத்தில், வீட்டை விட்டு வெளியே வரவே பயப்படும் ஹாரல்ட் ஸ்மித் என்பவரிடம்தான் லாராவின் ரகசிய டைரி இருக்கிறது. ஆர்க்கிட் பூச்செடி வளர்ப்பவர். அவரைப் பேச வைக்க லாராவின் தோழி டோனா தன் கதை ஒன்றைச் சொல்கிறாள்: சின்ன வயதில் லாராவும் அவளும் தங்களைவிட மூத்த பையன்கள் மூன்று பேரோடு இரவில் நீந்தப் போனது. டோனா சொல்லும்போது அது முதல் காதலின் நினைவு போல இருக்கிறது. டைரியில் அதே இரவைப் படித்தால் வயிற்றைப் பிசையும். தோழிக்கு இனித்த அதே நேரத்தில் லாராவின் மனம் எங்கெங்கோ போய்வருகிறது.

எது நிஜம் என்றால் இரண்டும்தான். இரண்டு பெண்கள் ஒரே ஆற்றங்கரையில் இருந்தார்கள், வெவ்வேறு இரவுகளோடு வீடு திரும்பினார்கள். விவரங்கள் முழுக்கப் பொருந்தாததை நான் பிழைக் கணக்கில் சேர்க்க மாட்டேன். போன கேள்வியில் சொன்ன தேதி வேறு, இது வேறு.

2017-ல வந்த புது சீசன்ல கிழிஞ்ச பக்கத்தைக் கண்டுபிடிச்சாங்களே, அந்தப் பக்கம் புத்தகத்துல எங்க இருக்கு?

எங்கும் இல்லை. கிழிந்த பக்கம் புத்தகத்தில் எப்படி இருக்கும்! விளையாட்டுக்குச் சொல்லவில்லை, 1990-இல் அப்படியொரு பக்கத்தை யாரும் யோசித்திருக்கவில்லை. 1992 படத்தில்தான் லாராவின் கனவில் ஒருத்தி வந்து, நல்ல கூப்பர் ஓரிடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறார், இதை உன் டைரியில் எழுதிவை என்கிறாள். இருபத்தைந்து வருடம் கழித்து, ஊர்க் காவல் நிலையத்துக் கழிப்பறைக் கதவுக்குள் செருகியிருந்த தாள்களைத் துணை அதிகாரி ஹாக் கண்டெடுக்கிறார். அதில் அந்தச் செய்தி இருக்கிறது. காணாமல் போனவை நான்கு, கிடைத்தவை மூன்று.

தாள்கள் அந்தக் கதவுக்குள் எப்படிப் போயின என்று சொன்னால் முதலில் கொடுத்த வாக்கு போய்விடும்.

நீங்களே இதைத் தமிழ்ல மொழிபெயர்க்கலாமே?

ஆசை உண்டு, உரிமை இல்லை. ஆனாலும் பொழுதுபோகாத ஒரு மழைக்காலத்தில் பத்துப் பக்கம் செய்து பார்த்தேன். மாட்டிக்கொண்ட இடம் இதுதான்: அவள் எழுதிக்கொண்டிருக்கும்போதே பாப் உள்ளே நுழைந்து பேச ஆரம்பித்துவிடுவான். அவன் பேச்சு முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்கும். காகிதத்திலேயே கத்துவது போல. தமிழில் பெரிய எழுத்துக்கு எங்கே போவது? தடித்த எழுத்தில் போட்டுப் பார்த்தேன், கல்யாணப் பத்திரிகை மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் அவள் பேச்சைப் பேச்சுவழக்கிலும் அவன் பேச்சைச் சுத்தமான எழுத்துத் தமிழிலும் வைத்தேன். ஒரு சிறுமியிடம் நடு இரவில் ஒருவன் இலக்கணம் பிசகாமல் 'நீ எனக்குரியவள்' என்று சொன்னால் எப்படி இருக்கும்? எனக்கே கை நின்றுவிட்டது. நோட்டை மூடி வைத்துவிட்டேன்.

படிக்கச் சிரமம் என்றால் ஒலிநூல் உண்டு. லாராவாக நடித்த ஷெரில் லீயே 2017-இல் வாசித்திருக்கிறார். ஹெட்போன் போட்டுத் தனியாகக் கேட்காதீர்கள்.

நம்ம ஊர் மெகா சீரியல் நாயகி பேர்ல நானும் ஒரு டைரி எழுதலாமா? கேஸ் போடுவாங்களா?

எழுதித் தோழிகளுக்குள் படித்துக்கொள்வதற்கும் விலை போட்டு விற்பதற்கும் வித்தியாசம் உண்டு. கதையும் பாத்திரமும் தயாரிப்பாளர் சொத்து. விற்கும் எண்ணம் இருந்தால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், இல்லாவிட்டால் பெயரையும் குடும்பத்தையும் மாற்றி உங்கள் கதையாகவே எழுதிவிடுங்கள்.

சட்டத்தைவிடப் பெரிய சிக்கல் வேறு. நம் நாயகிகள் நினைப்பதெல்லாம் ஏற்கெனவே மைண்ட் வாய்ஸாக வந்துவிடுகிறது. மாமியார் முகத்தை மூன்று தரம் காட்டி, அவர் மனதில் இருப்பதையும் சொல்லிவிடுகிறார்கள். டைரிக்கு என்று என்ன மிச்சம்? மைண்ட் வாய்ஸில் வராததைத் தேடுங்கள். அடகு வைத்த வளையலின் கணக்கு, பிறந்த வீட்டுக்கு யாருக்கும் தெரியாமல் அனுப்பிய ஐந்நூறு ரூபாய், வில்லி என்று ஊரே திட்டும் நாத்தனாரிடம் ஒருநாள் சிரித்துப் பேசியது. இப்படி நாலு பக்கம் எழுதிக்கொண்டு வாருங்கள், நான் முதலில் படிக்கிறேன். வாடகை வேண்டாம்.

யாரோ பென்சில்ல கொலைகாரன் பேரை மார்ஜின்ல எழுதி வச்சிருக்காங்க சார்! இதெல்லாம் பாக்க மாட்டீங்களா?

பார்த்தேன், ரப்பர் போட்டு அழித்தும் விட்டேன். அழுத்தி எழுதியிருக்கிறார் புண்ணியவான், தடம் போகவில்லை. அந்தப் பக்கம் வரும்போது புத்தகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடிக்காதீர்கள்.